அக்கா போட்ட இரண்டாவது கையெழுத்து

அக்கா நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். வாணலியில் மணல் போட்டு வறுக்கிற முறை. கூடம் வரைக்கும் வாசம் வந்தது. நான் சாப்பாட்டு மேசையில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு, அவள் அடுப்பை அணைக்கட்டும் என்று காத்திருந்தேன். உறைக்குள் ஒரே ஒரு தாள்.

"இரு சாமி, உட்டா கருகிப் போயிரும்" என்றாள் உள்ளேயிருந்து.

ஐம்பதைத் தாண்டியவன், சில நூறு பேருக்குச் சம்பளம் போடுகிறவன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குகிறவன். அந்த வீட்டில் மட்டும் நான் சாமி.

முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"எங்க போடோணும்?"

"படிச்சுப் பாருக்கா."

"இங்கிலீசுல இருக்குது. நீ படிச்சுட்டுத்தான வந்திருப்பே? அப்பறம் நான் வேற எதுக்கு?"

நான் தமிழில் சொன்னேன். எனக்கும் என் தம்பிக்கும் பல வருடங்களாக எந்தத் தொடர்பும் கிடையாது. போக்குவரத்து இல்லை, பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய நிறுவனத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றிய எந்தத் தகவலையும் தர எனக்கு விருப்பமில்லை. இவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது.

கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கடலைத் தோல் ஒட்டிக்கொண்டது. அதை ஊதித் தள்ளினாள். பிறகு வறுத்த கடலையில் பாதியை ஒரு பையில் கட்டி, தொடர்பே இல்லாத தம்பியின் கையில் கொடுத்து அனுப்பினாள்.

வாழப்பாடியிலிருந்து ஒரு கார்டு

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான்கு வாரமாக ஷெட் போட்ட கதை, முதல் லாரிக்கு பாடி கட்டிய கதை, வெல்டிங் கண்ணில் பட்டு மூன்று நாள் இருட்டில் கிடந்த கதை என்று அளந்துகொண்டிருந்தேன். வாழப்பாடியிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். "ஐயா, உங்களுடன் அக்கா தங்கை யாரும் பிறக்கவில்லையா? நான்கு வாரமாக ஒருவர் பெயரும் வரவில்லையே" என்று கேட்டிருந்தார்.

என் மனைவி அந்தக் கார்டைப் படித்தாள். அதை என் மேசையில், நான் எழுதுகிற தாள் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும்.

பிறந்திருக்கிறாள், ஐயா. எனக்கு நான்கு வயது மூத்தவள், பெயர் சரஸ்வதி. நாங்கள் இருவர்தான்.

முதல் கையெழுத்து

இரண்டாவது கையெழுத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதல் கையெழுத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா போன பிறகு எங்களுக்கென்று இருந்தது நாமக்கல்லில் திருச்சி ரோட்டுப் பக்கம் நாலு ஏக்கர் மேட்டு நிலமும், அதன் மூலையில் ஒரு தகர ஷெட்டும். ஷெட்டில் நானும் இரண்டு ஆசாரிகளும் லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தோம். பாங்கியில் கடன் கேட்டபோது நிலம் முழுக்க என் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள்.

சட்டம் பெண்ணுக்கும் சரிபாதி என்கிறது. அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அக்கா தங்கைகளைக் காரில் அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். போகிற வழியில் ஓட்டலில் அவர்களுக்குப் பிடித்ததை வாங்கித் தருகிறோம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நானும் அதைத்தான் செய்தேன். அக்கா ஒரு ரவா தோசை சாப்பிட்டாள்.

எழுதப்படாத மறுபாதி ஒன்று இதற்கு உண்டு. நிலத்தை விட்டுக்கொடுத்த பெண்ணுக்கு அண்ணன் தம்பி ஆயுசு முழுக்கக் கட்டுப்பட்டவன். பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் சீரோடு அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தால்தான் கல்யாணம்.

"எனக்கெதுக்குடா நெலம்? நோம்பி நொடிக்கு நீ வந்து நின்னாப் போதும்" என்றாள் அக்கா, பெருவிரல் மையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே.

நின்றேன். அதில் மட்டும் நான் யோக்கியன். லாரி ஸ்டிரைக் நடந்த வருடம் பஸ் மாறி மாறிக் கரும்புக் கட்டோடு போனேன். அவள் மகள் தாரணிக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வலி தாங்காமல் என் தோளைக் கடித்தாள். புதுச் சட்டையில் எச்சிலும் ரத்தமுமாக நின்ற என்னைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு மண்டபத்துக்கே கேட்டது.

மச்சான் செய்த ஒரு போன்

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மேற்கே, தறிச் சத்தம் ஓயாத ஒரு ஊரில். பெயர் வேண்டாம். எழுதினால் யாராவது பைக்கை எடுத்துக்கொண்டு பார்க்கப் போய்விடுவார்கள்.

மச்சான் அப்போது எட்டுத் தறி வைத்திருந்தார். கூடவே ஒரு கட்சிக் கொடியும். தறி எட்டாகவே நின்றது, கொடிதான் வளர்ந்தது. கிளைச் செயலாளர், ஒன்றியம், மாவட்டம் என்று ஏறி, கடைசியில் ஏதோ ஒரு வாரியத்துக்குத் தலைவராகி, காரில் விளக்கு இல்லாத குறையோடு வந்து இறங்கினார். கெட்ட மனிதர் அல்ல. சாப்பிடும்போது போன் வந்தால் எச்சில் கையோடு எழுந்து நின்று பேசுவார், அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி அதற்குள் நகராட்சிகளுக்குக் குப்பை வண்டி கட்டிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு முறை கட்டி முடித்த வண்டிகள் யார்டில் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றன. பார்வையிட வேண்டிய இன்ஜினியர் வருகிறேன், வருகிறேன் என்று நான்கு மாதம் வரவில்லை. நான் மச்சானிடம் சொன்னேன். அவர் போன் செய்தார். மறுநாள் காலை டிபனுக்கு முன்பே இன்ஜினியர் எங்கள் கேட்டில் நின்றார்.

அந்த ஒரு போனை நான் ஒளிக்க மாட்டேன். அது நடந்தது. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் கட்டிய ஒவ்வொரு வண்டியும் ஊரில் மச்சான் வண்டி ஆகிவிட்டது. "அவிகளுக்கென்னுங்க, மச்சான் இருக்காரு" என்று டீக்கடையில் சொல்வார்கள். கைநழுவிப் போன டெண்டர்கள் எத்தனையோ இருந்தன. அவற்றை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைப் பலகையில் குடும்பம்

கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது என் மகன் கார்த்தி. படித்தவன், அவசரக்காரன், என்னைவிட நல்ல மூளை. பாங்கி பாங்கியாகப் போய் வீட்டுப் பத்திரத்தை நீட்டுகிற பிழைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் சொன்னது நியாயம்தான், நானும் தலையாட்டினேன்.

மும்பையிலிருந்து மெர்ச்சன்ட் பேங்கர்கள் வந்தார்கள். பங்கு வெளியீட்டை நடத்தித் தருகிறவர்கள். பளபளக்கும் ஷூ போட்ட ஒரு இளைஞர், எங்கள் மாடி அறையில் இருந்த வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டு அதில் என் பெயரை எழுதினார். தமிழ் தெரிந்தவர், சென்னையில் வளர்ந்தவராம்.

"சார், பிரதர்ஸ், சிஸ்டர்ஸ்?"

"ஒரு அக்கா."

கோடு இழுத்து இன்னொரு கட்டம் போட்டார். கம்பெனியை நடத்துகிறவனின் கூடப் பிறந்தவர்களும் புரோமோட்டர் குரூப் என்கிற உரிமையாளர் கூட்டத்தில் வருவார்களாம். அவர்கள் பெயரில் இருக்கும் தொழில்களையும் விண்ணப்பப் புத்தகத்தில் அச்சடிக்க வேண்டுமாம். பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட இத்தனை விசாரித்ததில்லை.

மச்சான் தன் கல் குவாரியையும் கல்யாண மண்டபத்தையும் அக்கா பெயரில்தான் வைத்திருந்தார். அக்கா வந்தால் குவாரி வரும். குவாரி வந்தால் மச்சான் வருவார். மச்சான் வந்தால், அரசியல் செல்வாக்கை நம்பி நடக்கும் கம்பெனி என்று பக்கம் பக்கமாக அபாய அறிவிப்பு எழுத வேண்டி வரும். இளைஞர் பலகையில் அக்காவின் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

டீ குடிக்க வெளியே வந்தபோது அதே இளைஞர் என் காதோரம் குனிந்தார். "உங்க மச்சான் ரொம்ப ஸ்ட்ராங்காமே சார்? நல்லது, நல்லது. இன்வெஸ்டர்ஸுக்கு ஒரு தைரியம்." உள்ளே வந்து உட்கார்ந்ததும், "அவர் பேர் மட்டும் எங்கேயும் வரக் கூடாது சார்" என்றார். கப்பை வைக்கிற நேரத்துக்குள் எப்படி இந்த மனிதருக்கு இரண்டு முகம் வந்தது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்படி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது அப்போது தெரியவில்லை.

வழியை வக்கீல் சொன்னார். உறவு முறிந்துபோன சொந்தங்களைச் சேர்க்காமல் விட, சந்தையை ஒழுங்குபடுத்துகிற அலுவலகத்தில் விலக்குக் கேட்கலாம். பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த அக்காவே ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

எங்கள் கம்பெனி செகரட்டரி நித்யா, ஆத்தூர்ப் பெண், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். "சார், அது உண்மையா இருந்தா எழுதலாம். இல்லைன்னா எழுதக் கூடாது" என்றாள். அறையில் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"வெறும் பேப்பர்ப்பா. லிஸ்ட் ஆனதும் எவன் அதத் திருப்பிப் பாக்கப் போறான்?" என்றான் கார்த்தி. நான் அதை நம்பினேன். மும்பைக்காரனுக்கு எழுதுவது மும்பையோடு போய்விடும், நாமக்கல்லில் யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் சொல்லாமல் விட்டது

கடலை வறுத்த நாளைப் பற்றி மேலே எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அக்கா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இதுக்கப்பறம் நீ வரலாமா சாமி?"

"வராம? ஆடி நோம்பிக்கே வாரேன்."

"எழுதிக் குடுத்துப்போட்டு அப்பறம் வந்தா, அது பொய்யாயிராதா?"

நான் சிரித்தேன். "அக்கா, இது அந்த மும்பைக்காரனுக்குக் காட்டறதுக்கு. உனக்கும் எனக்கும் இல்லை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "உன்ற கம்பெனிக்கு நல்லதுன்னாச் சரி" என்று போட்டாள்.

முதல் கையெழுத்தில் நிலத்தை விட்டாள், அதற்கு ஈடாக என்னை வைத்துக்கொண்டாள். இரண்டாவது கையெழுத்தில் என்னையும் விட்டாள். இந்த முறை ஈடாக அவளுக்குக் கிடைக்க என்ன இருந்தது? இது எனக்கு அன்றைக்குத் தோன்றியிருக்க வேண்டும். காரில் திரும்பி வருகிற வழியெல்லாம் கடலையைக் கொறித்துக்கொண்டு, வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

குரூப்பில் வந்த பத்தி

விண்ணப்பப் புத்தகம் வெளிவந்தது. தலையணை கனம். அதில் எங்கோ நடுவில் ஒரு பத்தி. எங்களுக்குப் போட்டியாக பாடி கட்டுகிற ஒரு குடும்பத்துப் பையன் அந்தப் பத்தியைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்தான். கீழே தமிழில் மொழிபெயர்த்து, எங்கள் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். கூடப் பிறந்தவளோடு பல வருடமாகப் போக்குவரத்து இல்லை என்று இன்னார் உறுதி கூறுகிறார். பத்து நிமிடத்தில் சொந்தம் முழுக்கப் படித்துவிட்டது.

என் மனைவி அடுப்படியில் நின்றபடியே படித்தாள். "ஏனுங்க, இத எழுதறப்ப உங்களுக்குக் கை நடுங்கவே இல்லீங்களா?" என்றாள்.

மச்சான் போன் செய்தார். சிரித்தார், ஆனால் பாதிச் சிரிப்புதான். "மாப்ளே, என்னைய மறைச்சு வெச்சாத்தான் உங்க பங்கு விக்குமாக்கும்? பொண்டாட்டியோட தம்பியே இவன வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டான்னு எதிர்க்கட்சிக்காரன் மேடையில பேசறான் தெரியுமுங்ளா?" என்றார்.

பங்கு நன்றாகத்தான் போனது. கார்த்தி முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விழா மேடையில் எல்லோரும் கை தட்டினார்கள். நல்லது நடந்தால் முதலில் அக்காவைத் தேடுவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். கூட்டத்தில் கண்ணை ஓட்டிவிட்டு, அவளை அழைக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பொங்கலுக்குச் சீரோடு போனேன். கேட் பூட்டியிருந்தது. அக்கா உள்பக்கம் வந்து நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிரு சாமி. தெருமுக்குல கேமரா வெச்சிருக்குது. நீ சீர்த்தட்டோட வந்தத எவனாச்சும் போட்டோப் புடிச்சு அனுப்பீட்டா, நீ பொய் எழுதிக் குடுத்ததா ஆயிரும். உள்ள போட்டாலும் போட்டுருவாங்களாமா. நான் வக்கீலக் கேட்டுட்டேன்."

"அப்படியெல்லாம் ஒன்னும் ஆகாதுக்கா."

"ஆகும். போ சாமி. வெயில் ஏறுது."

கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு என் கன்னத்தைத் தொட்டாள். மஞ்சள் வாசம். அதற்குப் பிறகு அவள் போன் செய்யவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நான் சொன்ன பொய்யை அவள் ஒரு விரதம் மாதிரிக் காத்தாள்.

"தாய்மாமன் எங்கீங்க?"

இரண்டு வருடம் கழித்துத் தாரணிக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வேறொருவர் வீட்டு அலமாரியில் பார்த்தேன். தாய்மாமன் என்று போட வேண்டிய இடத்தில் யார் பெயரும் இல்லாமல், அடுத்த வரிக்குப் போயிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து, எங்கள் கடிதம் பொய் என்று பெயரில்லாத ஒரு புகார் சந்தையை ஒழுங்குபடுத்துகிற அலுவலகத்துக்குப் போயிருந்தது. எங்கள் போர்டில் வெளியாளாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி, "இப்போதைக்கு அந்தப் பக்கம் தலை காட்டாதீர்கள்" என்றார். கார்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ்ப்பா" என்றான். இத்தனை பேர் வேலை, இத்தனை பேர் போட்ட பணம் என்றான். எல்லாம் உண்மைதான்.

ஆனாலும் போனேன். வாசலில் வரவேற்க அக்காதான் நின்றிருந்தாள். அரக்குப் பட்டு, முன்பக்கம் முடி நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் போனைத் தூக்கிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் நீட்டுவது போல எனக்கும் சந்தனத்தை நீட்டினாள். "வாங்க. உள்ள போயி உக்காருங்க" என்றாள். பின்னால் வந்தவருக்கும் அதையேதான் சொன்னாள். நான் உள்ளே போய், பெண் வீட்டாரும் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டாரும் இல்லாமல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எங்கள் கல்யாணங்களை நடத்தி வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் மைக்கில் கூப்பிட்டார். "பொண்ணக் கூட்டியாரோணும். தாய்மாமன் எங்கீங்க?"

பாத்திரம் கழுவுகிற சத்தம் பின்கட்டிலிருந்து கேட்டது. தாரணி அறை வாசலில் தலை குனிந்து நின்றாள். அவளுக்கு நான் வந்திருப்பது தெரிந்திருந்தது.

"தாய்மாமன் வாங்க சாமி" என்றார் மறுபடியும்.

நான் எழுந்தேன். முழுதாக எழவில்லை, பாதிதான். மேடையிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று ஆட்டினாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. அவள் வேண்டாம் என்றாள், அது அவள் பாசம். அதைத் தாண்டி எழுந்து நடந்திருக்க வேண்டியவன் நான். நாற்பது அடி தூரம் இருக்குமா? எங்கள் பெரியப்பா மகன் ஒருவர் தயங்கித் தயங்கிப் போய் மாலையைப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார். என் வரிசையைத் தாண்டியபோது தாரணி நிமிரவில்லை. அவள் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன். என்ன பரிமாறினார்கள் என்று கேட்டால் இன்றும் தெரியாது.

நம்பியவள்

பிறகு ஆட்சி மாறியது. மச்சானின் வாரியப் பதவி போனது. ஓட்டு எண்ணிக்கை நடந்த அன்று, மதியத்துக்குள் எங்கள் கம்பெனிப் பங்கு மளமளவென்று இறங்கியது.

கார்த்தி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது அழுகை மாதிரி ஆகிவிட்டது. மச்சானுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவ்வளவு கனமான புத்தகத்தில் அச்சடித்தோமே! வாங்கியவர்களில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. மும்பைக்காரர் நம்பவில்லை, எதிர்க்கட்சி நம்பவில்லை, புகார் போட்டவரும் நம்பவில்லை. எழுதிய நானே நம்பவில்லை. அந்தக் காகிதத்தை நம்பியவள், அதில் எழுதியபடி வாழ்ந்தவள், உலகத்தில் என் அக்கா ஒருத்திதான்.

போன வாரம் நித்யா படிவத்தோடு வந்தாள். ஆண்டுக்கு ஒரு முறை வருகிற உறுதிமொழி. விலக்குப் பெற்ற உறவினருடனான நிலையில் மாற்றம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. ஒவ்வொரு வருடமும் இல்லை என்று எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

"இப்ப அவருக்குப் பதவி இல்லை சார். சமாதானம் ஆயிட்டோம்னு எழுதிச் சேத்துக்கலாம், பிரச்சினை வராதுன்னு வக்கீல் சொல்றார்" என்றாள்.

"சண்டை போட்டாத்தானம்மா சமாதானம்?"

அவள் பேனாவை மூடினாள். நான் வேறொரு தாளை எடுத்து, என் கையாலேயே எழுதினேன். மாற்றம் எதுவும் இல்லை. எனக்கும் என் அக்காவுக்கும் உறவு ஒரு நாளும் முறியவில்லை. முறிந்ததாக எழுதிக் கொடுத்தது பொய். அந்தக் கடிதத்தை எழுதி எடுத்துப் போய் அவளிடம் கையெழுத்து வாங்கியவன் நான்.

நித்யா இரண்டு முறை படித்தாள். "சார், இது போனா விசாரணை வரும். நீங்க போர்டுல இருக்க முடியாது."

"தெரியும்மா. அனுப்பிரு."

அனுப்பிவிட்டாள். கார்த்தி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் பங்கை வைத்திருக்கிற வாசகர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் கோபம் வரும். அதற்கு நான் முகம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மச்சான் நேற்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினார். அக்கா இந்தத் தொடரை விடாமல் படிக்கிறாளாம். பேப்பர் கடைக்குத் தானே நடந்து போய் வாங்கி வந்து, முன்னறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். எப்போதாவது சிரிக்கிறாளாம். தன் பெயர் எங்கும் இல்லையே என்று கேட்டதில்லையாம்.

அக்கா, உன் பெயரை எழுதிவிட்டேன். இனி நீ காத்துக்கொண்டிருக்க அந்தக் காகிதத்தில் ஒன்றும் மிச்சமில்லை. தெருமுக்குக் கேமரா பார்த்தால் பார்க்கட்டும்.

ஞாயித்துக்கெழமை வாரேன். பூட்டத் தொறந்து வெய்யிக்கா.